திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது: பிள்ளைகளை அனுப்பப் போகிறீர்களா?

பூன்லே அம்மா · 21 மார்ச் 2020, இரவு 9.40

இன்று காலை நம் சிங்கப்பூரில் கொரோனாவுக்கு முதல் இரண்டு உயிர்கள் போய்விட்டன. மாலையில் மகனின் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். யோசனையில் கை அப்படியே நின்றுவிட்டது, காலர் லேசாகப் பொசுங்கிவிட்டது.

மகள் தொடக்கநிலை 6, இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மகன் தொடக்கநிலை 1, பள்ளிக்குப் போகத் தொடங்கி இரண்டரை மாதம்தான் ஆகிறது. எங்கள் மூவறை வீட்டில் என் அப்பாவும் இருக்கிறார். 71 வயது, சர்க்கரை நோய். ஒரு வார விடுமுறை நாளையோடு முடிகிறது. மலேசியாவில் 18ஆம் தேதியிலிருந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். இங்கே திறக்கிறார்கள்.

கல்வி அமைச்சர் ஓங் யி காங் சொல்லும் காரணங்களைப் படித்தேன். இந்தக் கிருமி பெரியவர்களைத் தாக்கும் அளவுக்குச் சிறுவர்களைத் தாக்குவதில்லையாம். பள்ளியை மூடினாலும் பிள்ளைகள் வெளியே எங்காவது கூடத்தான் செய்வார்களாம். வேலைக்குப் போகும் பெற்றோர், அதிலும் மருத்துவமனை ஊழியர்கள், திண்டாடுவார்களாம். 14ஆம் தேதியிலிருந்து வெளிநாடு சென்று திரும்பிய பிள்ளைகளுக்கு 14 நாள் கட்டாய விடுப்பும் உண்டு. படிக்கும்போது எல்லாம் நியாயமாகத்தான் தெரிகிறது. பக்கத்து அறையில் அப்பா இருமினால் ஒன்றும் நியாயமாகத் தெரியவில்லை.

நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?


கல்லாங் காற்று · 21 மார்ச் 2020, இரவு 10.05

அனுப்பப் போவதில்லை. மருத்துவச் சான்றிதழ் கேட்டால் அதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

தாக்காதது வேறு, தொற்றாதது வேறு. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதோடு போய்விடும். அதையே வீட்டுக்குச் சுமந்து வந்தால் தாத்தாவின் கதி? தொடக்கநிலை 1, 2இல் வகுப்புக்கு 30 பேர், அதற்கு மேலே 40 பேர். பள்ளிப் பேருந்தில் தோளோடு தோள். உடல்நலமாக இருப்பவர்கள் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று வேறு சொல்கிறார்கள். தைவான் பள்ளித் திறப்பை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. நாமும் இரண்டு வாரம் பொறுத்தால் வானமா இடிந்து விழுந்துவிடும்?


இரவுப்பணி · 21 மார்ச் 2020, இரவு 11.50

கல்லாங் அண்ணா, அந்த இரண்டு வாரமும் என் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அனுப்பட்டுமா? கோபத்தில் கேட்கவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

நான் தாதி. கணவர் பேருந்து ஓட்டுநர். வீட்டிலிருந்து செய்கிற வேலை இரண்டுமே இல்லை. பள்ளியை மூடினால் பிள்ளைகள் என் அம்மாவிடம்தான் போவார்கள். அம்மாவுக்கு 68. யாரைக் காப்பாற்றப் பள்ளியை மூடச் சொல்கிறீர்களோ, அவர் மடியிலேயே கொண்டுபோய்ப் பிள்ளைகளை உட்கார வைப்பதாகிவிடும். எங்கள் வார்டில் மட்டும் பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாதியர் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.


உட்லண்ட்ஸ் உமா · 22 மார்ச் 2020, காலை 7.15

வெப்பமானி எங்கே கிடைக்கிறது? தேக்காவில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன்.


நெறியாளர் · 22 மார்ச் 2020, காலை 7.30

வெப்பமானி, கைச்சுத்திகரிப்பான், அரிசி மூட்டை ஆகியவற்றுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.


சிராங்கூன் தாத்தா · 22 மார்ச் 2020, காலை 8.20

வெப்பமானி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெறியாளர் மன்னிக்க வேண்டும்.

2003இல் சார்ஸ் வந்தபோது என் மகள் உயர்நிலை 2. மார்ச் 27ஆம் தேதி பள்ளிகளை மூடினார்கள். ஏப்ரலில் படிப்படியாகத் திறந்தார்கள்: முதலில் தொடக்கக் கல்லூரி, அடுத்து உயர்நிலை, கடைசியாகத் தொடக்கப்பள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெப்பமானி கொடுத்தார்கள். எங்களுடையது இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, மின்கலம்தான் செத்துவிட்டது. அந்த நோய் நம் ஊரில் 238 பேரைத் தாக்கியது, 33 பேரைக் கொண்டுபோய்விட்டது. ஆனால் பள்ளிகளை மூடியது மருத்துவக் காரணத்துக்காக இல்லை, பெற்றோரின் கலக்கத்துக்காகத்தான் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது. பயத்துக்கும் மருந்து கொடுக்கத்தானே வேண்டும்?

பூன்லே அம்மா, உங்கள் அப்பாவும் நானும் ஒரே வயது, அவருடைய சர்க்கரையும் எனக்கு உண்டு. பேரன் பள்ளிக்குப் போகட்டும் என்றுதான் நான் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளியல், பிறகுதான் என் மடி. அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான்.


எண்ணும் எழுத்தும் · 22 மார்ச் 2020, காலை 9.45

ஐயாவின் வெப்பமானியில்தான் விஷயமே இருக்கிறது. சார்ஸ் நோயாளி காய்ச்சல் கண்டு, நோய் முற்றிய பிறகே அதிகம் பரப்பினார். வாசலில் காய்ச்சலைப் பிடித்தால் நோயையே பிடித்த மாதிரி. இந்தக் கிருமி காய்ச்சல் வரும் முன்பே பரவுவதாகத் தகவல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அது உண்மையானால் நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி பாதி வேலையைத்தான் செய்யும்.

சிறுவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதையும் கொஞ்சம் சலித்துப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் சீனாவும் சேர்ந்து பிப்ரவரியில் தந்த அறிக்கையின்படி, நோய் உறுதியானவர்களில் 19 வயதுக்குக் கீழே இருந்தோர் 2.4 விழுக்காடு. மிகக் குறைவுதான். ஆனால் அந்த நாள்களில் சீனாவில் பள்ளிகளே நடக்கவில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மூடியவை மூடியபடியே இருந்தன. மூடிக் கிடந்த கடையில் திருட்டுப் போகவில்லை என்று எப்படிப் பெருமைப்படுவது?

என் முடிவைக் கேட்காதீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை, பேசுவது சுலபம்.


வெள்ளைப்பலகை · 22 மார்ச் 2020, பிற்பகல் 2.30

நான் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை. உள்ளே என்ன ஏற்பாடு என்று சொல்கிறேன், முடிவை நீங்களே எடுங்கள்.

காலைக்கூட்டம் இல்லை. மேல்வகுப்புகளில் மேசைகளைத் தேர்வு எழுதுவது போலத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறோம். இடைவேளை வகுப்பு வகுப்பாக. சாப்பிட்ட இடத்தைப் பிள்ளைகளே துடைக்க வேண்டும். இணைப்பாட நடவடிக்கைகளை நிறுத்தியாகிவிட்டது.

இதில் தமிழாசிரியர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு, யாரும் அதைப் பேசுவதாகத் தெரியவில்லை. மற்ற பாடங்களுக்கு ஒரு வகுப்பு ஒரே அறையில் இருக்கும். தமிழுக்கு அப்படியில்லை. ஒரு வகுப்பில் நம் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேர்தான். ஆறு வகுப்புகளிலிருந்து பொறுக்கி எடுத்துத்தான் ஒரு தமிழ் வகுப்பு அமைகிறது. “வகுப்புகள் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது” என்று சுற்றறிக்கை சொல்லும். தமிழ் மணி அடித்ததும் ஆறு வகுப்பும் என் அறையில் கலக்கும். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். அங்கே கலப்பது வகுப்புகளே இல்லை, பள்ளிகள்.

என்ன செய்தேன் என்று கேட்டால், ஒரே வகுப்புப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்து, வரிசைகளுக்கு நடுவே ஒரு மேசை இடம் விட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறதா? இருக்கிறது. நாளை போவேன்.


கல்லாங் காற்று · 22 மார்ச் 2020, பிற்பகல் 3.10

ஆசிரியையே பயமாக இருக்கிறது என்கிறார். இதற்கு மேல் நான் என்ன வாதாட வேண்டும்?


வெள்ளைப்பலகை · 22 மார்ச் 2020, பிற்பகல் 3.25

பயமாக இருக்கிறது என்ற வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த வரியையும் படியுங்கள்.


பூன்லே அம்மா · 23 மார்ச் 2020, இரவு 8.00

அனுப்பினேன். மகனிடம் இன்று என்ன படித்தாய் என்று கேட்டேன். “மேசை துடைத்தேன்” என்றான். மகிழ்ச்சியாகத்தான் சொன்னான். வீட்டில் ஒரு நாளும் துடைத்ததில்லை.


கல்லாங் காற்று · 27 மார்ச் 2020, இரவு 7.45

ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாலர் பள்ளி ஒன்றில் தொற்று, மேலும் மேலும் பெயர்கள் சேர்கின்றன. நேற்று நள்ளிரவிலிருந்து துணைப்பாட (டியூஷன்) நிலையங்களுக்குத் தடை. இன்று ஓர் அறிவிப்பு: ஏப்ரல் 1இலிருந்து வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து படிக்க வேண்டுமாம், தொடக்கப்பள்ளிக்குப் புதன், உயர்நிலைக்கு வியாழன், தொடக்கக் கல்லூரிக்கு வெள்ளி.

பத்துப் பேர் உட்காரும் துணைப்பாட அறை ஆபத்து, நாற்பது பேர் உட்காரும் வகுப்பறை பாதுகாப்பு. கிருமி புதன்கிழமை மட்டும் பள்ளிக்கு வரும் போலிருக்கிறது. யாராவது எனக்குப் புரிய வையுங்கள்.


எண்ணும் எழுத்தும் · 27 மார்ச் 2020, இரவு 9.00

முதல் கேள்விக்கு ஓரளவு பதில் உண்டு. துணைப்பாட நிலையத்தில் ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே அறையில் சேர்கிறார்கள். ஒருவனுக்கு வந்தால் ஐந்தாறு பள்ளிகளுக்குப் பாலம் போட்டாகிவிட்டது. வெள்ளைப்பலகை அக்கா தமிழ் வகுப்பைப் பற்றிச் சொன்ன அதே கவலை.

புதன்கிழமைக்கு என் ஊகம் இதுதான்: ஒத்திகை. முழுதாக மூடும் நாள் வரலாம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்கிறது.

அந்தப் பாலர் பள்ளியில் தொற்றியவர்கள் பெரும்பாலும் ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தாரும். நாம் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளி என்றால் ஆசிரியர் அறையும் உண்டு, தேநீர் நேரமும் உண்டு.


நெறியாளர் · 3 ஏப்ரல் 2020, மாலை 5.30

பிரதமர் லீ சியன் லூங் சற்று முன் அறிவித்துவிட்டார். 7ஆம் தேதியிலிருந்து பெரும்பாலான வேலையிடங்கள் மூடல், 8ஆம் தேதியிலிருந்து எல்லாப் பள்ளிகளும் முழுமையாக வீட்டிலிருந்து கற்றல், மே 4 வரை. இழையைப் பூட்டலாமா என்று சிலர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். பூட்டவில்லை. திறக்கலாமா என்ற கேள்வி மறுபடி வரும்.


கல்லாங் காற்று · 3 ஏப்ரல் 2020, மாலை 5.34

நான் ஒன்றும் சொல்லவில்லை.


இரவுப்பணி · 4 ஏப்ரல் 2020, அதிகாலை 4.10

சொல்லாமலே கேட்கிறது, அண்ணா.


பூன்லே அம்மா · 11 ஏப்ரல் 2020, இரவு 10.30

வீட்டிலிருந்து கற்றல் எப்படி நடக்கிறது என்று கேட்டவர்களுக்கு.

வீட்டில் மடிக்கணினி ஒன்று. மகளுக்குக் காலை 9 மணிக்குக் கணிதம், கணவருக்கு அதே 9 மணிக்கு அலுவலகக் கூட்டம். மகள் என் கைப்பேசியில் பின்னம் படிக்கிறாள், திரையில் தொகுதி தெரிந்தால் பகுதி தெரிவதில்லை. மகனுக்கு மாணவர் கற்றல் தளத்தில் கடவுச்சொல் தட்டவே நான் வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் படிக்கிறான், எழுந்தால் அவனும் எழுந்துவிடுகிறான். அப்பா அறைக்குள் ஒலி 96.8 வானொலியைக் கூட்டி வைத்துக் கேட்கிறார், காது மந்தம். நேற்றிலிருந்து ஸூம் செயலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எவனோ ஒரு வகுப்புக்குள் புகுந்து அசிங்கம் செய்துவிட்டானாம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

படிப்பு போகட்டும். மகன் நேற்று ஒரு மணி நேரம் சன்னலில் நின்றான். என்ன பார்க்கிறாய் என்றேன். பள்ளிப் பேருந்து வருகிறதா என்று பார்க்கிறானாம்.


துவாஸ் துரை · 22 ஏப்ரல் 2020, பிற்பகல் 1.15

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம். நான் பெற்றோராகப் பேசலாமா என்று தெரியவில்லை, என் பிள்ளை இங்கே இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். முதல் வகுப்பு. தேர்வே வைக்காமல் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள்.

நான் வெளிநாட்டு ஊழியர் விடுதியில் இருக்கிறேன். அறைக்குப் பன்னிரண்டு பேர். வெளியே போக அனுமதி இல்லை. நேற்று முன்தினம் ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று என்றார்கள், பெரும்பாலும் எங்களைப் போன்ற விடுதிக்காரர்கள். மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். வகுப்பில் மேசைகளைத் தள்ளிப் போட்டார்கள் என்று படித்தபோது எங்கள் கட்டில்களைப் பார்த்துக்கொண்டேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு ஆன்லைன் வகுப்பு எதுவும் இல்லை. வீட்டில் ஒரே ஒரு சாதாரணக் கைப்பேசி, அதுவும் என்னோடு பேசுவதற்காக. ஊரில் பள்ளி எப்போது திறக்கும் என்று யாருக்காவது தெரியுமா?


கல்லாங் காற்று · 22 ஏப்ரல் 2020, பிற்பகல் 2.00

துரை தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினால் உடனே சொல்லிவிட வேண்டும், பொறுத்துப் பார்க்கக் கூடாது. நாங்கள் இத்தனை நாள் அடித்துக்கொண்டதில் உங்கள் அறை எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.


வெள்ளைப்பலகை · 24 ஏப்ரல் 2020, மாலை 6.40

பள்ளி மூடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனை, பேருந்து, துப்புரவு என்று வேலைக்குப் போயே தீர வேண்டிய பெற்றோரின் பிள்ளைகளும், வீட்டில் படிக்கவே முடியாத பிள்ளைகளும் வருகிறார்கள். இன்று எங்கள் பள்ளியில் பத்தொன்பது பேர். நான்தான் முறைப்பணியில் இருந்தேன்.

எனக்குத் தூக்கம் வராமல் செய்வது வராத பிள்ளைகள். என் வகுப்பில் ஒரு பையன், ஓரறை வாடகை வீட்டில் பாட்டியோடு இருக்கிறான். முதல் வாரம் தளத்தில் அவன் பெயரே காணவில்லை. பாட்டியின் எண் ஒலித்துக்கொண்டே இருந்தது. பள்ளி மடிக்கணினி இரவல் கொடுக்கிறது, ஆனால் எடுத்துப் போக யாராவது வர வேண்டுமே. கடைசியில் சக ஆசிரியர் ஒருவர் கொண்டுபோய் வாசலில் கொடுத்தார். பையன் நலமாக இருந்தான். ஆனால் பள்ளியில் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாடு இல்லாமல் போனது முகத்திலேயே தெரிந்தது என்றார்.

திறப்பது ஆபத்தா என்றுதான் இங்கே கேட்டோம். மூடினால் யாருக்கு ஆபத்து என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். நானும் அப்போது மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.


சிராங்கூன் தாத்தா · 25 ஏப்ரல் 2020, காலை 8.00

பேரனைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. என் நன்மைக்காகத்தான் என்கிறார்கள். காணொளியில் அவனுடைய நெற்றி மட்டும் தெரிகிறது.


பூன்லே அம்மா · 2 ஜூன் 2020, இரவு 9.10

ஜூன் விடுமுறையை மே மாதத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டு, இன்று திறந்துவிட்டார்கள். மகள் தேர்வு வகுப்பு என்பதால் தினமும் போக வேண்டும். மகனுக்கு ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு. பிஎஸ்எல்இ பாடத்திட்டத்தின் கடைசித் தலைப்புகளை நீக்கிவிட்டார்கள், மகள் அதற்கு மட்டும் கிருமிக்கு நன்றி சொல்கிறாள்.

இந்த முறை நான் கேள்வி கேட்காமலே அனுப்பிவிட்டேன். தைரியம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். களைப்பு.


வெள்ளைப்பலகை · 5 ஜூன் 2020, மாலை 7.20

முதல் வாரச் செய்தி. எல்லோருக்கும் முகக்கவசம் அல்லது முகத்தடுப்பு. பிள்ளைகள் நான் நினைத்ததைவிட ஒழுங்காக அணிகிறார்கள். கழற்றி எறிபவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள்தாம், தேநீர் நேரத்தில். எண்ணும் எழுத்தும் சொன்னது சரி.

பாடம் நடத்துவதுதான் பெரும்பாடு. தொடக்கநிலை 1க்கு ழகரம். நாக்கு எங்கே போகிறது என்று வாயைத் திறந்து காட்டினால்தான் பிள்ளைக்கு வரும். முகக்கவசத்துக்குள்ளே “பழம்” என்றால் அவர்களுக்குப் “பலம்” என்று கேட்கிறது, அதையே திருப்பிச் சொல்கிறார்கள். தள்ளி நின்று பாடம் நடத்தும்போது முகத்தடுப்பு அணியலாம் என்பதால் அதை மாட்டிக்கொண்டு வாயைக் காட்டினேன். மின்விளக்கு அந்தத் தகட்டில் பட்டுக் கண் கூசுகிறது. ஒரு பெண்பிள்ளை எழுந்து, “டீச்சர் வாய்க்குள்ளே விளக்கு எரிகிறது” என்றாள். வகுப்பே சிரித்தது. மூன்று மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.


எண்ணும் எழுத்தும் · 9 ஆகஸ்ட் 2020, இரவு 8.15

தேசிய நாள் விடுமுறையில் கொஞ்சம் படித்தேன். இப்போது மார்ச் மாதத்தைவிடப் பேச விஷயம் இருக்கிறது.

முதலில் நம் ஊர். அந்தப் பாலர் பள்ளித் தொற்றைக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தொற்றிய ஊழியர்கள் 16 பேர். அங்கிருந்த குழந்தைகள் 77 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்கும் தொற்று இல்லை.

அடுத்தது இஸ்ரேல். மே 17 அன்று பள்ளிகளை முழுதாகத் திறந்தார்கள். அடுத்த நாள்களில் கடும் வெயில். புழுக்கம் தாங்காது என்று முகக்கவசத்துக்குச் சில நாள் விலக்கு அளித்து, வகுப்பைச் சாத்திக் குளிரூட்டியை ஓட விட்டார்கள். ஜெருசலத்தில் ஒரே உயர்நிலைப்பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் பரவிவிட்டது. டென்மார்க் ஏப்ரல் 15 அன்றே சின்னப் பிள்ளைகளை முதலில் அழைத்தது, சிறு குழுக்களாகப் பிரித்தது, முடிந்தவரை மரத்தடியில் பாடம் நடத்தியது. அங்கே அப்படி ஒன்றும் ஆகவில்லை.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று வயது: பதின்ம வயதினர் கிட்டத்தட்டப் பெரியவர்களைப் போலவே பரப்புகிறார்கள், சின்னப் பிள்ளைகள் அவ்வளவு இல்லை. மற்றது காற்று. நம் பள்ளிகளில் பெரும்பாலான வகுப்பறைகளுக்குக் குளிரூட்டி கிடையாது. இரண்டு பக்கமும் சன்னல், மேலே மின்விசிறி. பிள்ளைகள் வியர்த்து வழிகிறார்கள் என்று எத்தனை பெற்றோர் குளிரூட்டி கேட்டு மனுக் கொடுத்திருப்போம்? கொடுக்காமல் விட்டது இப்போது நல்லதாகப் போயிற்று.

ஜூன் 29 முதல் எல்லோரும் தினமும் போகிறார்கள். பள்ளிகளிலிருந்து பெரிய பரவல் எதுவும் இதுவரை இல்லை. ஆனால் விடுதிகளுக்கு வெளியே ஊரிலேயே தொற்று மிகக் குறைவாக இருக்கும்போது திறந்தோம். ஊர் எரியும்போது பள்ளிக் கூரை மட்டும் நனைந்திருக்காது.


கல்லாங் காற்று · 9 ஆகஸ்ட் 2020, இரவு 10.50

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றைச் சொல்லாமலே நான்கு மாதம் கத்தியிருக்கிறேன். என் மகனுக்குக் கடுமையான ஆஸ்துமா. மூன்று வயதில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் கிடந்தான். மார்ச்சில் நீங்கள் எல்லோரும் “சிறுவர்களுக்கு லேசாகத்தான் வரும்” என்று எழுதிய ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஆறு நாள்தான் கண்முன் வந்தது.

இப்போது போகிறான். மருத்துவர் போகலாம் என்றார். ஆசிரியர் அவன் மேசையைச் சன்னல் ஓரம் போட்டிருக்கிறார். கருத்தை மாற்றிக்கொண்டேனா என்று கேட்டால், இல்லை. மார்ச்சில் கையில் சான்று இல்லாமல் திறந்தது சூதாட்டம் என்றே இன்றும் நினைக்கிறேன். சூதாட்டத்தில் சில நேரம் ஜெயிக்கவும் செய்வார்கள்.


இரவுப்பணி · 10 ஆகஸ்ட் 2020, காலை 6.30

இதை அன்றே சொல்லியிருந்தால் நான் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன், அண்ணா. தம்பிக்கு மருந்துக்குழலைப் பையில் ஒன்று, வகுப்பாசிரியரிடம் ஒன்று என இரண்டு கொடுத்து வையுங்கள்.


கல்லாங் காற்று · 16 மே 2021, இரவு 7.00

மறுபடியும் நான்தான். 19ஆம் தேதியிலிருந்து பள்ளிகளுக்கு முழுதாக வீட்டிலிருந்து கற்றல், 28ஆம் தேதி வரை. துணைப்பாடத்தோடு தொடர்புடைய தொற்றில் பல பள்ளிப் பிள்ளைகள். இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட இந்தப் பி.1.617 வகைக் கிருமி பிள்ளைகளையும் கூடுதலாகத் தாக்குகிறதாம். கூரை நனைந்திருக்காது என்று ஒருவர் எழுதியது நினைவிருக்கிறதா?

சொன்னேனே என்று சொல்ல வரவில்லை. சொல்லும் தெம்பும் இல்லை. மகனுக்கு 11 வயது, தடுப்பூசி வயதுக்கு இன்னும் வரவில்லை.


உட்லண்ட்ஸ் உமா · 17 மே 2021, காலை 9.00

எம்ஆர்டி ரயிலில் நம்மைப் பார்த்து இடம் மாறி உட்காருகிறார்கள். “இந்தியக் கிருமி” என்று பிள்ளைகள் காதுபடச் சொல்கிறார்கள். என் மகள் பள்ளியில் இதைக் கேட்டுவிட்டு வந்து, நாம் கொண்டு வந்ததா அம்மா என்றாள். பள்ளி திறப்பதில் இந்தப் பாதுகாப்பும் சேர்த்தியா?


வெள்ளைப்பலகை · 17 மே 2021, மாலை 5.15

சேர்த்திதான், உமா. ஆசிரியர் பெயரை எனக்குத் தனிமடலில் எழுதாதீர்கள், நேரே வகுப்பாசிரியரிடம் இன்றே பேசுங்கள். நான் என் வகுப்பில் பேசிவிட்டேன். கிருமிக்கு ஊர்ப்பெயர் வைப்பது பற்றிப் பத்து நிமிடம். அன்று ழகரம் நடக்கவில்லை.


சிராங்கூன் தாத்தா · 18 மே 2021, காலை 8.10

தடுப்பூசி இரண்டும் போட்டாகிவிட்டது. பேரனைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் இந்த முறை என்னிடமே அனுப்புங்கள் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். மாணவர்களுக்கும் அடுத்த மாதத்திலிருந்து ஊசி வருகிறது என்கிறார்கள்.


பூன்லே அம்மா · 27 செப்டம்பர் 2021, இரவு 9.30

தொடக்கப்பள்ளிகளுக்கு மறுபடி வீட்டிலிருந்து கற்றல். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஊசி இல்லை, பிஎஸ்எல்இ எழுதுகிறவர்கள் தனிமைப்படுத்தப்பட்டுத் தேர்வைத் தவறவிடக் கூடாது என்பதற்காக. மகன் தானே கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய்விட்டான். எட்டு வயதுதான் ஆகிறது. காலையில் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். நான் சொல்லவில்லை.


துவாஸ் துரை · 7 நவம்பர் 2021, காலை 11.20

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள், மூன்று நாள் தாமதம். 2020 மே மாதம் எனக்கும் தொற்று வந்து குணமாகிவிட்டது, அதை இங்கே எழுதவில்லை.

ஊரில் 1ஆம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஏறக்குறைய இருபது மாதம். மகள் முதல் வகுப்பில் போனவள், மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் கல்வித் தொலைக்காட்சி பார்த்தாள், மின்சாரம் இருக்கும்போது. நேற்றுக் காணொளியில் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்கிறாள், சேர்த்துச் சொல்ல வரவில்லை. என் பெயரைக்கூட து, ரை என்று இரண்டாகத்தான் படிக்கிறாள். பிறகு கைப்பேசியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.

நான் எட்டாவதுதான். எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை அக்கா இருக்கிறீர்களா?


வெள்ளைப்பலகை · 7 நவம்பர் 2021, பிற்பகல் 12.05

இருக்கிறேன், துரை. இரண்டாகவாவது படிக்கிறாளே, எழுத்துகள் மனத்தில் நிற்கின்றன, சேர்க்கத்தான் பழக்க வேண்டும். அதை ஒன்றரை ஆண்டு முகக்கவசத்துக்குள்ளிருந்தே செய்துகொண்டிருக்கிறேன், கைப்பேசி ஒன்றும் பெரிய தடை இல்லை. ஞாயிறு தோறும் அரை மணி நேரம் கொடுங்கள். எந்த நேரம் அவளுக்கு வசதி?


துவாஸ் துரை · 7 நவம்பர் 2021, பிற்பகல் 12.40

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். அங்கே மாலை 4 மணி, நமக்கு 6.30. வெளிச்சம் இருக்கும்போது வாசலில் உட்கார வைக்கச் சொல்கிறேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.